‘பாக்கலாம்’ என்ற சொல்லைப் படித்தவனுக்கு

அன்பு மகன் ஹபீபுக்கு அத்தா எழுதுவது. சலாம்.

கடிதம் என்றால் முதலில் நலமா என்று கேட்க வேண்டும். நீயோ பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். “டேப் ரெக்கார்டர துணிக்கு நடுவுல வைங்க, ஓரத்துல வச்சா இடிபடும்” என்று ஜரினா உன்னிடம் சொல்வது இங்கே கேட்கிறது. ஆகவே நலமாகத்தான் இருக்கிறாய். நாளைக் காலையில் நீங்கள் இரண்டு பேரும் மைசூருக்குக் கிளம்புகிறீர்கள். முப்பத்தாறு வயதில் ஆராய்ச்சி மாணவனாகச் சேரப் போகிறாய். போன வாரம் உன்னிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கடையில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாய். பிறகு, “அத்தா, முக்கியமானதுன்னா எழுதிக் குடுத்துடுங்க. மூஞ்சியப் பாத்துகினே கேட்டா எனக்குக் காது வேலை செய்ய மாட்டேங்குது” என்றாய். கோபித்துக்கொள்ளும் வயதை நான் தாண்டிவிட்டேன். நீ சொன்னதில் நியாயமும் இருக்கிறது. அதனால் நல்ல காகிதமாகப் பார்த்து வாங்கிவந்து, மத்தியானத் தொழுகை முடித்து, எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

உன் கதையை உனக்கே சொல்லப் போகிறேன். நீ அதை உள்ளேயிருந்து பார்த்தாய். வெளியே நின்று பார்த்தவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது.

பி.யு.சி. படிக்க நீ பாண்டிக்குப் பஸ்ஸில் போய் வந்த காலத்திலிருந்து தொடங்குகிறேன். சாயங்காலம் நீ நம் ஊர் வில்லியனூரில் இறங்க வேண்டும். கையில் புத்தகம் இருந்துவிட்டால் அதையும் தாண்டி மதகடிப்பட்டில்தான் இறங்குவாய். கண்டக்டர்கள் எல்லோருக்கும் உன்னைத் தெரியும். “பாய், உங்க பையன் மதகடிப்பட்டு வரைக்கும் படிச்சிட்டு வந்துட்டான்” என்று திரும்பும் பஸ்ஸில் உன்னை ஏற்றிவந்து இறக்கிவிட்டுக் கடை வாசலில் சொல்லிவிட்டுப் போவார்கள். பரீட்சை முடிந்து வந்த அன்று நீ மிகவும் சந்தோஷமாக இருந்தாய். நன்றாக எழுதினாயா என்றேன். “ரொம்ப நல்லா எழுதினேன் அத்தா. முதல் கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி” என்றாய். மீதிக் கேள்விகள்? பரீட்சை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கே பதில் எழுதியிருக்கிறாய். மணி அடித்த பிறகுதான் கீழே இன்னும் கேள்விகள் இருந்ததே உன் கண்ணில் பட்டிருக்கிறது.

பரீட்சையில் தோற்றுப் போனாய். உன் அம்மா உன்னை டவுனில் ஒரு வயதான டாக்டரிடம் அழைத்துப் போனாள். நானும் கூட வந்தேன். அவர் உன்னிடம் வெகுநேரம் பேசினார். மேலே சுற்றிய மின்விசிறியின் சத்தத்தை நிறுத்தச் சொல்லி நீ கேட்டதும் எழுந்து போய் அவரே நிறுத்தினார். கடைசியில் எங்களிடம், “அறிவுக்கு ஒரு குறையும் இல்ல. கவனம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, நின்னா அங்கிருந்து நகர மாட்டேங்குது. மனுஷங்க முகத்துல இருக்கிறத வாசிக்கவும் இவருக்குக் கஷ்டம். இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல” என்றார். பெயர் ஏதும் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அவர் நேர்மையான மனிதர். நாங்கள் திரும்பி வந்தோம், நீ நம் இரும்புக் கடையில் உட்கார்ந்தாய்.

கடையில் நீ இருந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. நம் கடைக்கு வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள், “அப்பறமா வந்து வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். உலகத்தில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். நீ அந்தச் சாமானைத் தினத்தாளில் சுற்றி, அவர்கள் பெயரை எழுதி, தனியாக எடுத்து வைப்பாய். ஒரு மாதத்தில் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க வராதவர்களின் சாமான் நிறைந்துவிட்டது. மங்கலத்துக் கோவிந்தசாமி கிணற்று ராட்டினம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு வாரம் பொறுத்தாய். பிறகு ராட்டினத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டாய். மறுநாள் அவர் கடைக்கு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி எனக்குச் சொன்னார்.

“வரேன்னு சொன்னீங்களே, ஏன் வரலன்னு வாசல்ல நின்னு கேக்கறான் பாய். ‘வரேன்னு சொன்னா வருவேன்னு அர்த்தமாடா தம்பி’ன்னேன். ‘வேற இன்னா அர்த்தம்?’னு கேக்கறான். ராட்டினத்த வாங்கிக்கினேன்.”

அவர் சிரித்தார், நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. தராசுக்குப் பின்னால் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாங்கள் பேசியதில் உனக்கு மட்டும் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் உனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்தது வலிக்கிற விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன். உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது கடலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்து உன்னைப் பார்த்தது. நீ பாதிப் பேச்சில் எழுந்து போய், தெருவில் கூவி விற்றுக்கொண்டு போனவனிடம் அவன் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு வந்தாய். போகும்போது அவர்கள், “வூட்ல கலந்துகினு சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். உன் அம்மாவுக்கும் எனக்கும் அங்கேயே புரிந்துவிட்டது. நீ காத்திருந்தாய். வேறு இடம் பார்க்கலாம் என்றபோது, “அவங்க சொல்லி அனுப்பறதுக்கு முன்னாடி வேற இடம் பாத்தா தப்பில்லையா?” என்று கேட்டாய். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் ஆன செய்தி வந்த அன்று நீ அழவில்லை. என்னிடம் வந்து, “சொல்லி அனுப்பறோம்னா வாணாம்னு அர்த்தமா அத்தா? இது யாருக்கெல்லாம் தெரியும்?” என்றாய். எல்லாருக்கும் தெரியும் என்றேன். “எனக்கு யாரும் சொல்லலியே” என்றாய். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜரினா வந்தது நம் எல்லோருடைய நல்ல காலம். கல்யாணம் முடிந்த மறுநாள் நீ முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்து, வீடு நிறைய விருந்தாளிகள் இருக்க, எல்லோர் முன்னாலும் சொன்னாய்: “இவகிட்ட, உனக்கு ஒண்ணு வாணாம்னா வாணாம்னே சொல்லிடணும்னு கேட்டுக்கினேன். உடனே, ‘அப்படின்னா சொல்றேன், நீங்க பூசிகினு கீற அத்தர் வாணாம், தல வலிக்குது’ன்னு சொல்லிட்டா!” பெண் வீட்டுக்காரர்கள் திகைத்துப் போனார்கள். உன் அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

படிப்பை மறுபடி எடுத்ததும் அவளால்தான். நீ கடையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பாய். மண்ணாடிப்பட்டுக்காரர் எப்படி இழுக்கிறார், பாகூர்க்காரர் எந்த எழுத்தை விழுங்குகிறார், பஞ்சாயத்து மாதிரி இருக்கிற நம் கொம்யூன் ஆபீஸில் வேலை பார்த்த பெரியவர் எந்தப் பிரெஞ்சு வார்த்தையைத் தமிழென்று நினைத்துப் பேசுகிறார் என்றெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் சொல்வாய். நாங்கள் தலையாட்டுவோம். ஜரினா ஒருத்திதான், “இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குமே, கேட்டுப் பாக்கக்கூடாதா?” என்றாள். நீ டவுன் நூலகத்துக்குப் போனாய். திரும்பி நடந்தே வந்தாய், சைக்கிளை அங்கேயே மறந்துவிட்டு. “மொழியியல்னு ஒண்ணு இருக்குது அத்தா! மனுஷன் எப்படிப் பேசறான்னு அதையே படிக்கறாங்க. எல்லாரும் எனக்குச் சொல்லாம விட்டத அங்க எழுதி வச்சிருக்காங்க” என்று வாசலிலிருந்தே கத்தினாய். என் தம்பி, உன் சின்னத்தா, அப்போது வீட்டில் இருந்தார். “பேசவே தெரியாதவன் பேச்சப் பத்திப் படிக்கப் போறானா?” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நீ அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, “ஆமா சின்னத்தா, தெரிஞ்சவங்களுக்கு எதுக்குப் படிப்பு?” என்றாய்.

இருபத்தெட்டு வயதில் பி.யு.சி.யை மறுபடி எழுதினாய். ஜரினா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, பெரிய முள் எங்கெங்கே வரும்போது அடுத்த கேள்விக்குப் போக வேண்டும் என்று அதன் கண்ணாடியில் மையால் புள்ளி வைத்திருந்தாள். தேறினாய். அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தாய். மற்றவர்களுக்கு மூன்று வருஷம், உனக்கு ஐந்து. பாடம் வந்த உறையைப் பிரிப்பதற்கே உனக்குச் சில சமயம் ஒரு மாதம் ஆகும். பிரித்துவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. எத்தனையோ தாள்களில் தோற்றாய். ஹபீப், நான் உன்னிடம் வியந்தது நீ தேறியதையல்ல. தோற்ற செய்தி வந்ததும் நீ என்ன செய்வாய் தெரியுமா? யாரையும் திட்டமாட்டாய், முகத்தை மூடிக்கொண்டு படுக்கமாட்டாய். கேள்வித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, “இங்க வரைக்கும் இருந்தேன். இந்தக் கேள்வியப் படிக்கும்போது வெளியில லாரி ஹாரன் அடிச்சது. அங்க போயிட்டேன்” என்று ஜரினாவிடம் காட்டுவாய். அடுத்த தடவைக்குக் காதில் பஞ்சு. எனக்கு வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் நான் வாரக்கணக்கில் கடையில் எரிந்து விழுவேன். உன்னைப் பார்த்த பிறகுதான் தோல்வியை அப்படியும் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டேன்.

எம்.ஏ. படிக்கப் பல்கலைக்கழகத்துக்கே போனாய். விடுதியில் உன்னைவிடப் பத்து வயது சின்னவர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எவர்சில்வர் தட்டுகளின் சத்தம் உன்னால் தாங்க முடியவில்லை. முதல் மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப் போய் வந்தாய். அம்மா, “போதும்டா, வந்துடு, நீ படிச்சு கிழிச்சது போதும்” என்று அழுதாள். நீ அவள் சொன்னதை யோசித்துவிட்டு, “சத்தம்தான் கஷ்டம், படிப்பு இல்ல” என்றாய். திரும்பிப் போய், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வருவதற்குச் சமையல்காரரிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டாய். அந்தச் சமயத்தில்தான் கஸ்தூரி டீச்சர் உனக்குத் தோழியானார். பாகூரில் பள்ளி ஆசிரியை, லீவு போட்டுவிட்டுப் படிக்க வந்தவர், உன் வகுப்பில் உன்னைத் தவிர வயது கூடியவர் அவர் ஒருவர்தான். பாடம் நடக்கும்போது நீ வேறெங்கோ போய்விட்டால் மேசையில் பென்சிலால் மெல்லத் தட்டுவார். அவருக்குக் குறிப்பு எழுத வராத இடங்களை நீ விளக்கிச் சொல்வாய். இரண்டு பேருக்கும் அதில் கணக்குச் சரியாகப் போயிற்று.

ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று கேட்டபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “நம்ம கொம்யூன்கள்ல ஜனங்க ‘இல்ல’ன்னு சொல்லாமலே எப்படி இல்லன்னு சொல்றாங்க?” உன்னை அத்தனை வருஷம் ஏமாற்றிய சொற்களையே நீ படிக்கப் புறப்பட்டுவிட்டாய். குவைத்திலிருந்து வந்த ஜரினாவின் அண்ணன் டேப் ரெக்கார்டரைக் கொடுத்தார். தெரியாத மனிதர்களிடம் பேசவே வேர்த்துப் போகிற நீ, ஊர் ஊராகப் போனாய். முதலில் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தாய்: என் பெயர் இது, நான் இன்ன படிப்பு படிக்கிறேன், நீங்கள் பேசுவதைப் பதிவு செய்யட்டுமா, வேண்டாமென்றால் வேண்டாமென்றே சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாய். மண்ணாடிப்பட்டில் கரும்பு வெட்டு நடக்கும் கொல்லைகளில், பாகூர் ஏரிக்குக் கீழே நடவு வயல்களில், சேதராப்பட்டுத் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் டீ குடிக்கும் கடையில். சில நாள் டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோய் கேசட்டை மறந்துவிடுவாய். சில நாள் கேசட் இருக்கும், பேட்டரி இருக்காது. மறுநாள் மறுபடி போவாய்.

பாகூரில் அஞ்சலை என்ற அம்மாளைக் கஸ்தூரி டீச்சர் அறிமுகம் செய்து வைத்தார். நடவு ஆட்களைக் கூட்டிப் போகிறவர். பெரிய பண்ணைக்காரர் நாளைக்கு ஆள் வேண்டுமென்றால், வர முடியாத நாளிலும் “ஆவட்டுங்க” என்று சொல்லிவிட்டு, போகாமல் இருந்துவிடுவாராம். ஏன் முடியாது என்று சொல்லக்கூடாது என்று நீ கேட்டாய். அந்தப் பதிவை நீ எனக்குப் போட்டுக் காட்டினாய். “அவருகிட்ட மாட்டேன்னு சொல்ல எங்களுக்கு ஏதுப்பா வாயி? சொன்னா அடுத்த நடவுக்கு வேலை இருக்காது. ஆவட்டுங்கன்னு சொன்னா, ஏதோ மறந்துட்டா போலன்னு விட்டுடுவாரு.” நீ டேப்பை நிறுத்தினாய். பிறகு சொன்னாய்: “அத்தா, நான் இவங்கல்லாம் பொய் சொல்றாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். பொய் இல்ல. அவங்களால சொல்ல முடியல.” ஹபீப், நாற்பது வருஷம் கடையில் மனிதர்களோடு பேசிப் பிழைத்தவன் நான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பயம் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு அது சுலபமாகப் புரிந்துவிட்டதாலேயே நான் அதை நின்று பார்க்கவில்லை.

பதிவெல்லாம் முடிந்தது. எழுதுவதுதான் வரவில்லை. உன் தலைக்குள் முழுப் புத்தகமும் இருந்தது, காகிதத்தில் ஒரு வரி இல்லை. முதல் வாக்கியத்தை எழுதி, அடித்து, அதையே மறுபடி எழுதுவாய். ஜன்னலில் குருவி வந்தால் அதன் பின்னால் போய்விடுவாய். கெடு தாண்டியது. ஒரு தடவை நீட்டித்துக் கொடுத்தார்கள், அதுவும் தாண்டியது. இன்னொரு தடவை கேட்கத் துறைத் தலைவரைப் பார்க்கப் போனபோது நானும் உன்னோடு வந்தேன். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். கதவு திறந்திருந்தது.

“ஏற்கனவே ஒரு தடவை குடுத்தாச்சு. ம், பாக்கலாம் ஹபீப். போயிட்டு வாங்க” என்றார் அவர்.

நான் படியிறங்கத் தயாராகிவிட்டேன். நீ நகரவில்லை.

“சார், ‘பாக்கலாம்’, ‘போயிட்டு வாங்க’ ரெண்டும் சேந்து வந்தா நான் பதிஞ்ச வரைக்கும் அது மறுப்புதான். இதுவும் அதானா?”

உன் படிப்பு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நீ குறும்பாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரிய வேண்டுமே.

“ஆமா. அதேதான்” என்றார் கடைசியில்.

“நேரா சொன்னதுக்கு நன்றி சார். சரின்னு நீங்க சொல்றதுக்கு நான் இன்னா செய்யணும்?”

“ஒரு அத்தியாயம். ரெண்டு வாரத்துல. நல்லா இல்லாட்டியும் பரவாயில்ல, முழுசா இருக்கணும். கொண்டாந்து கையில குடுத்தா நான் நீட்டிச்சு எழுதித் தரேன்.”

“எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு சார்?”

அவர் சிரித்துவிட்டார். வியாழக்கிழமை பதினோரு மணி என்றார். வெளியே வந்த உன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மற்றவர்கள் அந்த அறையிலிருந்து மறுப்போடும் மரியாதையோடும் வெளியே வந்திருப்பார்கள். நீ செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையோடு வந்தாய். பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது எனக்கு யாரோ பெரிய மனிதரோடு பயணம் போகிற மாதிரி இருந்தது.

அந்த இரண்டு வாரமும் கடைக்குப் பின்னாலிருந்த சரக்கறையில் மேசை போட்டு எழுதினாய். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, “அத்தா, இங்க உக்காந்து உங்க வேலையப் பாருங்க. எங்கிட்ட பேசாதீங்க. ஆனா எழுந்து போவாதீங்க. பக்கத்துல யாராவது வேலை செஞ்சிகினு இருந்தா எனக்கு ஓடறது” என்றாய். காலையில் நான், பிற்பகலில் ஜரினா. அவள் துணி தைப்பாள். நான் ஒரு பெட்டி நிறையக் கலந்து கிடந்த ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்தேன். இதை உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்: நாலே நாளில் பிரித்து முடித்துவிட்டேன். எழுந்து போனால் உன் பேனா நின்றுவிடும் என்று பயந்து, எல்லாவற்றையும் மறுபடி பெட்டியில் கொட்டிக் கலந்து, திரும்ப முதலிலிருந்து பிரிக்கத் தொடங்கினேன். உன் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் அதுதான் இனிப்பான வேலை. சொன்ன வியாழக்கிழமை, பாதியில் நின்ற கடைசி வாக்கியத்தைப் பஸ்ஸில் முடித்து, அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மீதி அத்தியாயங்களுக்கும் அதே மேசை, அதே ஏற்பாடு.

வாய்மொழித் தேர்வைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் கஸ்தூரி டீச்சர் சொன்னதுதான். உள்ளே போனதும் உட்காருவதற்கு முன்பே ஒரு துண்டுக் காகிதத்தை மேசையில் வைத்தாயாம். நான் பதில் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்ப்பேன், அது மரியாதைக் குறைவல்ல, அப்போதுதான் எனக்கு யோசிக்க வரும்; ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் படித்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தலாமா என்று அவராகவே கேட்டாராம். இந்தத் தலைப்பு உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டாராம். “எனக்குப் புரியாததால.” இப்போது புரிகிறதா? “டேப்புல கேட்டா புரியுது சார். நேர்ல பேசும்போது இன்னும் நேரம் ஆவுது.” அப்படிப் பதில் சொன்ன மாணவன் வேறு யாராவது இருப்பானா என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் வகுப்பில்தான் தேறினாய். ஆனால் அந்தத் தேர்வாளர்தான் உன் ஆய்வேட்டைக் கையோடு எடுத்துப் போய், மைசூரில் உனக்கு இடம் கிடைக்க எழுதினார். செய்தி வந்த அன்று நீ முதலில் பாகூருக்குப் பஸ் ஏறினாய், அஞ்சலையம்மாளிடம் அவர் பேச்சு ஆய்வேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட. படிக்கத் தெரியாத அந்த அம்மாள் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “எங்க பேச்சுக்கும் ஒரு படிப்பு கீதா?” என்றாராம். வீட்டுக்கு நீ வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. உனக்காகச் செய்து வைத்த பாயசம் ஆறிப்போயிருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு இல்லை.

இனி நாலு வார்த்தை புத்தி. மைசூரில் போய் இறங்கியதும் நீ சமாளித்துக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிடாதே. வாய்மொழித் தேர்வில் செய்தாயே, அதே மாதிரி முதல் நாளே உனக்கு என்ன வேண்டும், எது ஆகாது என்று சொல்லிவிடு. அந்த ஊர் மொழி வேறு. அங்கே வெளியூர்க்காரர்கள் எல்லோரும் உன்னைப் போலத்தான் பேச்சுக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருப்பார்கள், அதனால் அங்கே உனக்கு இங்கேயைவிடச் சுலபமாகக்கூட இருக்கலாம். ஜரினா உனக்குக் கடிகாரமாகவும் காதாகவும் இருந்து களைத்திருக்கிறாள். அவள் சொல்லமாட்டாள் என்று நான் எழுதவில்லை, அவள் சொல்லிவிடுவாள். சொல்வதற்கு முன்பே நீ கேள். அவளுக்கும் ஏதாவது படிக்க ஆசையிருந்தால் அவள் பக்கத்தில் நீ உட்கார்ந்து உன் வேலையைப் பார். பிறர் உன்னைப் பார்த்துச் சிரித்தால் உன் மனதுக்குப் பிடித்த பதிலைச் சொல். சின்னத்தாவுக்குச் சொன்னது நன்றாகத்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் போன வாரம் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். படிப்பு சரிவராவிட்டால் கடைக்குத் திரும்பி வந்துவிடுகிறேன் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். அதற்கு இடமில்லை. கடையை உன் தங்கை சபுராவுக்கும் மாப்பிள்ளைக்கும் எழுதி வைத்துவிட்டேன். அவளுக்கு அந்த வியாபாரம் பிடித்திருக்கிறது, சரக்கு வாங்கப் போனால் என்னைவிட நன்றாகப் பேரம் பேசுகிறாள். உனக்கு அந்தக் கடை ஒருநாளும் பிடித்ததில்லை. நீ அதைச் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. மைசூரில் உனக்கு ஐந்து வருஷம் ஆகட்டும், எட்டு வருஷம் ஆகட்டும். நடுவில் தோற்றுப் போனாலும் சரி. உனக்கு எப்போது தோன்றினாலும் இந்த வீட்டுக்கு வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, மறுபடி போய்ப் படி. பின்னால் கடை காத்திருக்கிறது என்ற பாரம் மட்டும் உனக்கு இனி வேண்டாம்.

ஹபீப், நான் உன்னை மிகவும் மதிக்கிறேன். உன்னை என் மகன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. இதற்கு வேறு அர்த்தம் எதுவும் கிடையாது. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொள்.

அத்தா